எல்ஃப்களின் ஆயுளும் மாயசக்தியும்: புதிய கேம்பெயினுக்கு எந்த உலகின் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை உலக ஆட்டங்களை நடத்துகிறவர்கள், புதிய கேம்பெயின் (பல நாட்கள் தொடர்ந்து ஆடும் நீண்ட கதை) தொடங்கும் முன் வரைபடம் வரைகிறார்கள், தெய்வங்களுக்குப் பெயர் சூட்டுகிறார்கள், அரசர்களின் வம்சாவளியை எழுதி வைக்கிறார்கள். மனிதரைப் போன்ற, ஆனால் மிக நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனமான எல்ஃப்கள் எத்தனை ஆண்டுகள் வாழ்வார்கள் என்பதை மட்டும் விதிநூலில் அச்சாகியிருக்கும் எண்ணின் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் விட்டிருந்தேன். சென்ற கேம்பெயினின் முதல் நாளன்று, எங்கள் குழுவில் எல்லோருக்கும் இளையவரான தம்பி ஒருவர், பக்கத்தில் இருந்த நண்பரின் கதாபாத்திரத் தாளை எட்டிப் பார்த்தார். அதில் எல்ஃப், விசார்ட் (அதாவது மந்திரவாதி), லெவல் 1 (ஆற்றலின் முதல் படி), வயது 145 என்று எழுதியிருந்தது. தம்பியின் கதாபாத்திரமும் விசார்ட்தான், லெவல் 1தான். ஆனால் 22 வயது மனிதன். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு, "அண்ணா, இவர் இந்த நூத்தி இருபது வருஷமா என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தாரு?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஏதோ சொல்லி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி கேம்பெயின் முழுவதும் எங்களோடு வந்தது. நீண்ட ஆயுள் ஆற்றலாக மாறும் என்றால், எழுநூறு ஆண்டுகள் வாழும் ஓர் இனம் உலகம் முழுவதையும் ஆளாமல் காட்டுக்குள் ஒதுங்கியிருப்பது எப்படி என்று சொல்ல வேண்டும். மாறாது என்றால், அந்த ஆண்டுகள் எங்கே போயின என்று சொல்ல வேண்டும். அதனால் இம்முறை புதிய கேம்பெயினுக்கு எழுத உட்காரும் முன், நன்கு அறியப்பட்ட ஆட்ட உலகங்கள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்திருக்கின்றன என்பதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். என்னைப் போன்றே முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் ஆட்ட நடத்துநர்களுக்குப் பயன்படும் என்று எண்ணி அதை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது: உங்கள் கேம்பெயினில், ஆட்டத்துக்குள்ளே எவ்வளவு காலம் ஓடப்போகிறது? பெரும்பாலான கேம்பெயின்களில் லெவல் 1இலிருந்து 10 வரை ஏறுவதற்கு ஆட்ட உலகில் சில மாதங்கள்தான் ஆகின்றன. அங்கே எல்ஃபின் ஆயுள் எழுநூறானாலும் ஏழாயிரமானாலும் பகடை உருளும் விதம் மாறப்போவதில்லை, அது வெறும் பூர்வகதை. மாறாக, இடையிடையே ஐந்தாண்டு, பத்தாண்டு என்று காலம் தாவும் கேம்பெயினில் மனிதக் கதாபாத்திரத்துக்கு முடி நரைக்கும், எல்ஃப் அப்படியே இருப்பார்; அங்கே ஆயுள் என்பது கையில் இருக்கும் காசைப் போலச் செலவழிக்கக்கூடிய பொருளாகிவிடும். கீழே சொல்லும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் இந்த இரண்டு வகை ஆட்டங்களிலும் வைத்துப் பார்த்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

முதலில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் வெளியிட்ட முதல் விதிகளிலேயே எல்ஃபுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது: ஒவ்வொரு சாகசத்துக்கும் போர்வீரராகவோ மந்திரவாதியாகவோ மாறிக்கொள்ளலாம், ஆனால் போர்வீரராக 4ஆம் லெவலோடும் மந்திரவாதியாக 8ஆம் லெவலோடும் வளர்ச்சி நின்றுவிடும். மனிதருக்கு அத்தகைய வரம்பு இல்லை. அடுத்து வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் 1978ஆம் ஆண்டு விதிநூலில் இந்த வரம்பு சற்றுத் தளர்ந்தது. ஆனாலும் அறிவு 18 இருக்கும் எல்ஃபால்கூட மந்திரவாதியாக 11ஆம் லெவலைத் தாண்ட முடியாது. இறந்தவரை எழுப்பும் சாதாரண மந்திரமும் எல்ஃப் மீது பலிக்காது. ஆண்டுகளை அள்ளிக் கொடுத்துவிட்டு உச்சியை மட்டும் மூடிவைத்த ஏற்பாடு இது. ஆயிரம் ஆண்டுகள் உயிரோடு இருக்கிறவர் 11ஆம் படியில் நின்றுவிடுகிறார். நாற்பது வயது மனிதர் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார். மனிதர்கள் ஏன் உலகை ஆள்கிறார்கள் என்பதற்கு விதியளவில் விடை கிடைத்தது. ஆனால் எல்ஃப் ஏன் நின்றுவிடுகிறார் என்பதற்குக் கதையில் விடை இல்லை.

அந்தப் பழைய பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறு ஒன்று. சில பெரிய மந்திரங்கள் ஆயுளைத் தின்றன. வேகத்தை இரட்டிப்பாக்கும் ஹேஸ்ட் மந்திரம் யார் மீது விழுகிறதோ அவருக்கு ஓராண்டு மூப்பு கூடும். விரும்பியதை நிகழ்த்தும் விஷ் மந்திரத்தை உச்சரிப்பவருக்கு மூன்றாண்டுகள் கூடும். மனிதப் போர்வீரர் ஒருவர் இருபது சண்டைகளில் ஹேஸ்ட் வாங்கிக்கொண்டால் இருபது வயது கூடிக் கிழடாகிவிடுவார். எல்ஃபுக்கோ அது கணக்கிலேயே வராது. ஆயுளும் மாயசக்தியும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக அங்கே இருந்தன. நீண்ட ஆயுள் எதற்குப் பயன்படும் என்பதற்கு அதைவிடத் தெளிவான விடையை எந்த விதிநூலிலும் நான் கண்டதில்லை. 2000ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு ஹேஸ்ட்டின் மூப்பை நீக்கிவிட்டது. அதோடு லெவல் வரம்பும் போனது. அதன் பிறகும் அந்தப் பழைய உணர்வு பேயிடம் மிஞ்சியிருந்தது: 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பேய் தன் கோர முகத்தைக் காட்டும்போது, பகடையில் மோசமாகத் தோற்றவருக்குப் பத்து முதல் நாற்பது ஆண்டுகள் வரை மூப்பு ஏறிவிடும். இருபத்தைந்து வயது மனிதர் ஒரு நொடியில் அறுபத்தைந்து வயதுக்காரராகிவிட, பக்கத்தில் நிற்கும் எல்ஃப் தன் தலையில் ஒரு முடிகூட வெளுக்காமல் நிற்பார். என் மேசையில் ஒருமுறை அது நடந்தபோது, அடுத்த ஐந்து நிமிடம் யாரும் பகடையைத் தொடவில்லை.

தம்பி கேட்ட கேள்வியில் இருந்த 145 என்ற எண்ணும் மூன்றாம் பதிப்பின் கணக்கிலிருந்து வந்ததுதான். வயதுக்கு மட்டும் அந்தப் பழைய அட்டவணையை நான் இன்றும் பயன்படுத்துகிறேன். அதன்படி எல்ஃப் 110 வயதில் பருவமடைகிறார். விசார்டாகப் பயிற்சி முடிக்க, பத்து அறுமுகப் பகடைகளை உருட்டி வரும் எண்ணிக்கையளவு ஆண்டுகள் கூடுதலாக ஆகும். சராசரி 35. மனிதரோ 15 வயதில் தொடங்கி, இரண்டு பகடை எண்ணிக்கையில், சராசரியாக ஏழு ஆண்டுகளில் அதே பாடத்தை முடித்துவிடுகிறார். அதாவது, மனிதர் ஏழாண்டில் கற்பதை எல்ஃப் முப்பத்தைந்து ஆண்டுகள் கற்கிறார். எண்ணைக் கொடுத்த விதிநூல் காரணத்தைக் கொடுக்கவில்லை.

2014இன் ஐந்தாம் பதிப்பில் எல்ஃபின் ஆயுள் 750 ஆண்டுகள் வரை. நூறு வயதளவில் தன்னைப் பெரியவர் என்று அறிவித்துக்கொள்கிறார். உறங்குவதில்லை, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் தியானத்தில் இருந்தால் போதும். எட்டு மணி நேரம் உறங்கும் மனிதரோடு ஒப்பிட்டால் நாளில் ஆறில் ஒரு பங்கு மிச்சம். அறுநூறு ஆண்டுகளில் அது நூறு ஆண்டு விழிப்பு, ஒரு மனித வாழ்க்கைக்கு மேல். இதே விதிநூலில் ஓய்வுக் காலத்தில் 250 நாள் செலவிட்டு, நாளுக்கு ஒரு பொற்காசு கொடுத்தால் ஒரு மொழியையோ ஒரு கைத்தொழிற் கருவியின் பயன்பாட்டையோ கற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் உண்டு. வேறு வேலையே இல்லாத எல்ஃப் நூறு ஆண்டுகளில் 146 மொழிகளையும் தொழில்களையும் கற்றிருக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. காலத்தைத் தாவவிடும் கேம்பெயினில் ஆட்டக்காரர் யாராவது இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தே தீருவார். அவரைத் தடுத்து நிறுத்துவது காலம் இல்லை, காசுதான்: நூறு ஆண்டுகளுக்கு முப்பத்தாறாயிரத்துக்கு மேல் பொற்காசு வேண்டும். விசார்டின் மந்திரப் புத்தகமும் அப்படியே. புதிய மந்திரம் ஒன்றைப் படியெடுக்க அதன் லெவல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரமும் ஐம்பது பொற்காசும் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு எழுநூறு ஆண்டுகள் எதற்கு? ஆக, இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆயுளுக்கும் மாயசக்திக்கும் தொடர்பே இல்லை. சில மாதங்களுக்குள் முடியும் கதைக்கு இது போதும், குறையொன்றும் தெரியாது. நீண்ட காலக் கதைக்கு இது போதாது என்பது என் திடமான கருத்து.

இதே ஆட்டத்தின் மிகப் புகழ்பெற்ற உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், விதி கொடுக்காத விடையை வரலாற்றில் கொடுக்க முயல்கிறது. அங்கே எல்ஃப்களுக்கு மட்டுமே உரிய உயர்மந்திரம் ஒன்று உண்டு. தனியொருவர் செய்வதும், சிலர் கூடிச் செய்வதும், பலர் சேர்ந்து செய்வதுமாக அதன் சடங்குகள் வகைப்படும். அவற்றில் பெரியவை செய்பவரின் உயிரையே கேட்கும். அந்த உலகின் டேல் கணக்கில் 261ஆம் ஆண்டு, மித் ட்ரானார் நகரத்தைச் சுற்றி மித்தல் என்ற மாயக் கவசம் எழுப்பப்பட்டது. எல்ஃப்களும் மனிதர்களும் குள்ளர்களும் ஒன்றாக வாழ்ந்த அந்த நகரம் 714இல் வீழ்ந்தது. கவசம் எழுந்ததைப் பார்த்த எல்ஃப் நகரம் வீழ்ந்ததையும் தன் கண்ணால் பார்த்திருக்க முடியும் என்பதுதான் இந்த வரலாற்றின் வலிமை. மூதாதையரின் இரகசியங்களைக் காப்பதற்காகத் தாமாகவே விரும்பிச் சாகாத உடலேற்ற பேல்நார்ன்களும் அங்கே உண்டு. இங்கே ஆண்டுகள் உயர்மந்திரம் என்ற ஒரே வாசலுக்கு மட்டும் இட்டுச் செல்கின்றன. அந்த வாசலைத் திறப்பவர் ஆயுளையே விலையாகக் கொடுக்கிறார். ஏற்பாடு அழகானது. ஆனால் ஆட்டக்காரரின் கைக்கு அது ஒருபோதும் எட்டுவதில்லை. பழைய இடிபாடுகளில் நடந்துகொண்டே, யாரோ செய்த பெருஞ்செயல்களை நடத்துநர் வாயால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். சரித்திரத்தில் ஊறிய ஒருவர் நடத்தினால் அந்தக் கேட்பே இன்பம். நான் அப்படிப்பட்டவர்களிடம் ஆடியிருக்கிறேன், மகிழ்ந்திருக்கிறேன்.

எபரான் உலகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 2002இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் புதிய ஆட்ட உலகம் தேடி நடத்திய போட்டியில் கீத் பேக்கர் வென்று, 2004இல் நூலாக வெளிவந்த உலகம் இது. இங்கே எல்ஃபின் ஆயுளும் பயிற்சிக் கால எண்களும் மூன்றாம் பதிப்பில் உள்ளவைதாம், ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஆனால் அந்த எண்களின் பின்னால் ஒரு சமூகத்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஏரெனால் தீவின் எல்ஃப்கள், தங்களுள் மிகச் சிறந்தவர்களைச் சாவு கொண்டுபோவதைப் பொறுக்காதவர்கள். இறந்த பெரியவர்களின் உடலை நேர்மறை ஆற்றலாலும் வாழ்பவர்களின் பக்தியாலும் தாங்கி நிறுத்தி, இறவா அவையில் உறுப்பினராக்கி, அவர்களிடமே தொடர்ந்து யோசனை கேட்கிறார்கள். பாட்டனாரும் அவருக்குப் பாட்டனாரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் ஊரில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க யாருக்குத் துணிவு வரும்? ஒரு மந்திரத்தைப் பலிக்க வைப்பது அங்கே கல்வி ஆகாது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் முன்னோர் எந்த விரலை எந்தக் கோணத்தில் மடக்கினாரோ அதே கோணத்தில் மடக்கிப் பலிக்க வைப்பதுதான் கல்வி. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகும் என்றால் அது வியப்பில்லை.

அதே உலகில் கோர்வேர் கண்டத்து மனிதர்களைப் பாருங்கள். சிறு மந்திரங்களைத் தொழிலாகப் பழகிய கைவினைஞர்கள் தெருவிளக்கு ஏற்றுகிறார்கள். மின்னலில் ஓடும் ரயில் நகரங்களை இணைக்கிறது. ஆகாயக் கப்பல்கள் பறக்கின்றன. அவசரம் உள்ளவர்கள் குறையோடு செய்து, செய்ததைத் திருத்தி, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவசரம் இல்லாதவர்கள் முழுமையாகச் செய்கிறார்கள். ஆனால் பழையதையே செய்கிறார்கள். எல்ஃப்கள் ஏன் உலகை ஆளவில்லை என்ற கேள்விக்கும், அந்த ஆண்டுகள் எங்கே போயின என்ற கேள்விக்கும் ஒரே விடை இரண்டையும் தீர்த்துவைக்கிறது. சாவை வெல்ல எதிர்மறை ஆற்றலை நாடிய வோல் குலத்தை அந்த இறவா அவையே பூண்டோடு அழித்தது என்ற வரலாறும் உண்டு. ஆயுளை நீட்டும் வழி எது என்பதே அந்த மக்களுக்கு உள்நாட்டுப் போருக்குக் காரணமான கொள்கைப் பிரச்சினை. எந்த மாயசக்தி தூய்மையானது என்பது அரசியல் கேள்வி.

ஆட்டத் தாளில் அந்த 145 என்ற எண்ணை எபரானில் வைத்துப் பாருங்கள். கதை தொடங்கும் ஆண்டு அந்த உலகக் கணக்கில் 998. அப்படியானால் நம் விசார்ட் பிறந்தது 853இல். கலிஃபார் பேரரசைத் துண்டாக்கிய கடைசிப் போர் 894இல் மூண்டபோது அவருக்கு வயது 41, எல்ஃப் கணக்கில் சிறுவர். 996இல் உடன்படிக்கை கையெழுத்தானபோது 143. மனிதர்களுக்கு நான்கு தலைமுறைகள் செத்துப் பிறந்த போரின் முழு நீளமும் இவருடைய சிறுவயதுக்கும் பயிற்சி முடிவதற்கும் இடையில் அடங்கிவிடுகிறது. தம்பியின் 22 வயது மனிதன் பேரரசு ஒன்றாக இருந்ததைத் தன் கொள்ளுப்பாட்டியிடம்கூடக் கேட்டிருக்க முடியாது; இந்த எல்ஃப் அதன் கொடி இறங்கியதைப் பார்த்தவர். ஒரே லெவலில் நின்றாலும் இவர்கள் இருவரிடமும் இருப்பவை வேறு வேறு. ஆற்றலில் சமம், நினைவில் சமம் இல்லை. இதைவிட நியாயமான பங்கீட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கணினி ஆட்டங்களின் பக்கம் வந்தால், ஆயுளையும் மாயசக்தியையும் மிக இறுக்கமாகப் பிணைத்தது வார்கிராஃப்ட். அங்கே நீண்ட ஆயுள் உடலில் ஊறிய குணம் இல்லை. ஊற்று ஒன்றிலிருந்து வருகிற மானியம். இரவு எல்ஃப்கள் பத்தாயிரம் ஆண்டுகள் மூப்பில்லாமல் இருந்தது நார்ட்ராசில் என்ற உலகமரத்தின் அருளால். 2002இல் வெளிவந்த மூன்றாம் ஆட்டத்தின் இறுதியில், ஆர்க்கிமாண்ட் என்ற அசுரத் தலைவனை அழிக்க அந்த மரத்தின் சக்தியையே எரித்துவிடுகிறார்கள். அன்றோடு அவர்களும் சாகப் பிறந்தவர்களாகிறார்கள். மந்திரத்தை விடமாட்டோம் என்று நாடு கடத்தப்பட்டுச் சூரியக் கிணறு கட்டிக்கொண்ட உயர் எல்ஃப்களின் கதை இதற்கு மறுபுறம்: அந்தக் கிணறு பாழானதும் மாயசக்திக்கு அடிமைப்பட்டு, அது கிடைக்காமல் உடல் தள்ளாடுபவர்களாக அவர்கள் ஆனார்கள். 2016இல் வந்த லீஜன் பகுதியில் சுராமர் நகரம் பத்தாயிரம் ஆண்டுகள் கவசத்துக்குள் அடைபட்டுக் கிடந்து, இரவுக் கிணற்றின் சக்தியை மதுவாகப் பருகியே உயிர் வாழ்ந்தது. நகரைவிட்டு விரட்டப்பட்ட தலைவி தாலிஸ்ராவுக்கு நாம் தேடிப் பொறுக்கி வந்த மாயசக்தியை ஊட்டி, அவர் உடல் உலர்ந்து புத்தி கலங்கிப்போகாமல் காக்க வேண்டும். நாள்தோறும் வீட்டில் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுப்பது போல அந்த வேலையைச் செய்தபோதுதான், நீண்ட ஆயுள் எத்தகைய சிறை என்பது எனக்கு உறைத்தது.

இந்த ஏற்பாட்டின் நன்மை வெளிப்படை: கதைக்கு ஒரு மையம் கிடைக்கிறது. கிணறு எங்கே, யார் கையில், எவ்வளவு மிச்சம் என்ற மூன்று கேள்விகளைக் கொண்டே ஒரு முழுக் கேம்பெயினை ஓட்டலாம். காலம் தாவும் ஆட்டத்துக்கும் பொருந்தும். தாவிய ஒவ்வொரு பத்தாண்டுக்கும் கிணற்றின் மட்டம் இறங்கியிருக்கும். குறை என்னவென்றால், கதையின் பாரம் முழுவதும் எல்ஃப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மேசையில் ஐந்து பேர் இருந்து அவர்களில் ஒருவர் மட்டும் எல்ஃப் என்றால், மற்ற நால்வரும் அவருடைய இனத்தின் துயரத்துக்குத் துணைக்கு வந்தவர்களாகிவிடுவார்கள். குழுவில் பாதிப் பேராவது எல்ஃப்களாக இருந்தால் மட்டும் இதை எடுக்கலாம் என்பேன்.

டிராகன் ஏஜ் இதே இழையை வேறு விதமாக நெய்கிறது. 2009இல் வந்த முதல் ஆட்டத்தில் எல்ஃப்கள் மனிதர் அளவே வாழ்கிறார்கள். மனிதர்களோடு பழகியதால்தான் தம் முன்னோர் இறவாமையை இழந்தார்கள் என்ற கதை மட்டும் அவர்களிடம் மிஞ்சியிருக்கிறது. ஆறு ஆண்டுகள் கழித்து, மூன்றாம் ஆட்டத்தின் இணைப்புப் பகுதியில் உண்மை தெரிகிறது: கனவுலகத்தையும் விழிப்புலகத்தையும் பிரித்துத் திரை போட்டவர் அவர்களுள் ஒருவரே, அந்தத் திரைதான் ஆயுளைக் குறைத்தது. ஆயுளும் மாயசக்தியும் ஒன்றாகவே போயின என்பது மிக ஆழமான கற்பனை. ஆனால் நாடகத்தின் பலம் ஆட்டக்காரர்களுக்கு அது முன்கூட்டித் தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. இந்தத் தலைமுறையில் அதைத் தெரியாத ஆட்டக்காரர் கிடைப்பது அரிது.

இரண்டு உலகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991இல் வந்த டார்க் சன் உலகில் மந்திரம் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சியே பிறக்கிறது. கவனமில்லாத மந்திரவாதி நின்ற இடத்தில் சாம்பல்தான் மிஞ்சும். அந்தப் பாலைவனத்து எல்ஃப்களுக்கு மற்ற உலகத்து எல்ஃப்களின் நூற்றாண்டுகள் இல்லை. ஓடியும் வணிகம் செய்தும் பிழைக்கும் நாடோடிகள் அவர்கள். ஆயுள் பிரச்சினையே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். 1989இல் தொடங்கிய ஷேடோரன் இன்னும் கூர்மையான வழியைக் கண்டது: அந்த உலகில் எல்ஃப் குழந்தைகள் பிறக்கத் தொடங்கியது 2011இல், கதை நடப்பது 2050இல். சாதாரண எல்ஃப்களில் மூத்தவருக்கே நாற்பது நிறையவில்லை. தமக்கு எவ்வளவு ஆயுள் என்று அவர்களுக்கே தெரியாது; மருத்துவர்களுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு மனிதர் மூத்துக்கொண்டே போக, தனக்கு மட்டும் ஏன் முகம் மாறவில்லை என்று கண்ணாடியில் பார்க்கும் முதல் தலைமுறையை ஆடிப்பார்க்க விரும்புபவர்களுக்கு இதற்கு ஈடு வேறில்லை.

கடைசியாக பர்னிங் வீல். லூக் க்ரேன் 2002இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் எல்ஃப்கள் முதுமையால் சாவதில்லை, துயரத்தால் சாகிறார்கள். ஒவ்வொரு எல்ஃப் கதாபாத்திரத்தின் தாளிலும் துயரம் என்று ஓர் எண் உண்டு. அது கடந்த கால வாழ்க்கைப் படிகளைப் பொறுத்துத் தொடங்கி, ஆட்டத்தில் நேரும் இழப்புகளால் ஏறிக்கொண்டே போகும். பத்தைத் தொட்டால் அந்தக் கதாபாத்திரம் உலகைவிட்டு அகல வேண்டியதுதான். அவர்களுடைய மாயசக்தியும் மந்திரப் புத்தகத்தில் இல்லை, பாடலில் இருக்கிறது. நண்பர் ஒருவரின் எல்ஃப் பாடகி, தான் வளர்த்த மனிதச் சிறுவன் கிழவனாகி இறந்த காட்சியில், நண்பர் பென்சிலை எடுத்து அந்த எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுதினார். எழுதிய பிறகு சிறிது நேரம் பேசவில்லை. அதுவரை எங்கள் மேசையில் ஆயுள் என்பது பெருமையாகத்தான் பேசப்பட்டிருந்தது. நீண்ட ஆயுளின் விலையை ஆட்டக்காரர் தன் கையாலேயே எழுத வைக்கும் விதி இதைத் தவிர வேறு எனக்குத் தெரியாது. ஆனால் முழு ஆட்டமுமே இந்த ஆழத்துக்காகக் கட்டப்பட்டது. விதிகள் கனமானவை, புதியவர்களுக்கு ஓரிரு மாதமாவது பழக்கம் வேண்டும். எங்கள் குழுவில் இருவர் இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கிறார்கள்.

இனி என் முடிவு. வரப்போகும் கேம்பெயின் மூன்று பாகமாக இருக்கும். பாகத்துக்குப் பாகம் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவெளி. குழுவில் ஐவர், எல்ஃப் ஒருவரே. ஆகவே வார்கிராஃப்ட் வழி எங்களுக்கு ஆகாது. வெறும் விதிநூல் எண்ணும் ஆகாது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் மனிதர்கள் குடும்பம், ஆட்சி, நோய் என்று அலைக்கழிய, எல்ஃப் ஆட்டக்காரர் மட்டும் பதினேழு மொழிகளைத் தாளில் சேர்த்துக்கொண்டு வந்து நிற்பார். எபரானின் விடையைத்தான் எடுத்துக்கொள்கிறேன், கூடவே இரண்டு இணைப்புகளோடு. ஒன்று, இடைவெளிக் காலத்தில் மனிதர்கள் புதிய திறன்களைச் சேர்க்கலாம். எல்ஃப் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, ஏற்கெனவே அறிந்த ஒரே ஒரு மந்திரத்தை மட்டும் முழுமையாக்கிக்கொள்ளலாம், அந்த மந்திரம் அதன் பிறகு ஒருபோதும் தவறாது. இரண்டு, பழைய பதிப்பிலிருந்து ஹேஸ்ட்டின் ஓராண்டு மூப்பையும் விஷ்ஷின் மூன்றாண்டு மூப்பையும் திரும்பக் கொண்டுவருகிறேன். எல்ஃப் தன் நண்பருக்கு ஹேஸ்ட் போடும்போது தனக்கு வலிக்காத ஒன்றை அவரிடமிருந்து எடுக்கிறார் என்பதை ஒவ்வொரு சண்டையிலும் இருவரும் உணர வேண்டும் என்று விரும்புகிறேன். பர்னிங் வீலின் துயர எண்ணையும் சேர்க்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். வேறொரு விதியமைப்பில் ஒட்டுப்போட்டால் அது வெறும் தண்டனையாகிவிடும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

குழுவினரிடம் இதைச் சொன்னபோது எல்ஃப் ஆடப்போகும் நண்பர் முதலில் முகம் சுளித்தார். பிறகு தாளின் பின்பக்கத்தில் தன் கதாபாத்திரத்தின் பூர்வகதையை எழுதிக்கொண்டு வந்தார். தன்னைக் காக்கும் ஷீல்ட் மந்திரம் ஒன்றையே அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் கற்றாராம். இறந்துபோன பாட்டி ஆசனத்தில் சாய்ந்தபடி, ஒவ்வொரு மாலையும் இடது கையின் மோதிர விரல் இன்னும் சற்றுத் தாழ வேண்டும் என்று திருத்திக்கொண்டே இருந்தாராம். ஒருநாள் பாட்டி ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாராம், அன்றுதான் பயிற்சி முடிந்ததாம். அதை வாங்கிப் படித்த தம்பி, தன் மனித விசார்டின் தாளை எடுத்து, ஷீல்ட் மந்திரத்துக்கு எதிரே, "இந்த எல்ஃபிடம் கற்றது, மூன்று மாதத்தில், விரல் கொஞ்சம் தவறாக" என்று எழுதிக்கொண்டார்.